கை மாறிய வளையல்

“வணக்கம் அபிநயா. இன்று உங்களுக்கு முப்பத்து மூன்றாவது வாரம் தொடங்குகிறது. உங்கள் குழந்தை இப்போது ஓர் அன்னாசிப் பழத்தின் அளவு இருக்கிறது. ரத்த அழுத்தம் சரியாக உள்ளது. மகிழ்ச்சியாக இருங்கள்.”

காலை ஆறரை மணிக்கு வளையல் இப்படிச் சொன்னபோது, அதைக் கையில் போட்டிருந்தவள் களத்தில் குனிந்து முண்டு மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் அபிநயா இல்லை. அவளுக்குத் தெரிந்தவரை அவள் வயிற்றில் அன்னாசிப் பழமும் இல்லை, ஒரு கடுகும் இல்லை. காளீஸ்வரி என்பது பெயர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.

“சரி சாமி, சந்தோஷமாவே இருக்கேன்” என்று வளையலுக்குப் பதில் சொல்லிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். களத்தில் ஒரு காக்கைகூட இல்லை. அந்தக் காரத்துக்கு அதுவும் வராது.

அபிநயா அவளுடைய கொழுந்தன் தினகரனின் மனைவி. இருபத்து மூன்று வயது, தாய் இல்லாத பெண். உப்பாங்குளத்தில் எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே உலை. அண்ணன் தம்பி இருவருக்கும், ஊருக்கு மேற்கே கண்ணுக்கு எட்டியவரை கிடக்கும் சூரியத் தகட்டுக் காட்டில், தகடு துடைக்கும் எந்திரங்களை மேய்க்கிற வேலை. மாமியார் பஞ்சவர்ணத்துக்கு வீட்டில் இருப்பவர்களை மேய்க்கிற வேலை.

வளையலுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஏதோ நீளமாக இருந்தது. ஊரில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. சர்க்கார் வளையல் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரோஸ் நிறத்தில் ஒரு ரப்பர் வளையம், உட்பக்கம் மூன்று சின்னப் பொட்டுகள். நாள் தள்ளிப்போய்ப் பதிவு செய்ததும் பிள்ளைத்தாய்ச்சியின் கையில் ஏறும், பிரசவம் முடிந்தபிறகுதான் இறங்கும். நாடி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் தோல் வழியாகவே பார்த்து மாவட்ட மையத்துக்கு அனுப்பிவிடும். எல்லாம் நல்லபடி இருந்தால் பச்சை விளக்கு எரியும். தப்பு என்றால் சிவப்பு. சிவந்த இருபதாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்.

பொய் சொல்லக் கூடாது, அந்த வளையல் நிறையப் பேரைக் காப்பாற்றியது. பக்கத்துத் தெருவில் மூன்று பெண்கள் அதனால்தான் இன்றைக்கும் நடமாடுகிறார்கள். ஆனால் வளையல் வந்த கையோடு இன்னொன்று போய்விட்டது. அதற்கு முன்னால் ஜெசிந்தா நர்சம்மா மாதம் தவறாமல் வீடு தேடி வருவார். தோளில் பை, பைக்குள் காற்றடித்துப் பார்க்கிற பழைய பிரஷர் மெஷின், எடை பார்க்கும் தராசு, சிறுநீரில் முக்கிப் பார்க்கிற பட்டை. கண் இமையை இழுத்துப் பார்ப்பார், காலை அமுக்கிப் பார்ப்பார், இரும்புச்சத்து மாத்திரையைத் தின்றாயா கோழிக்குப் போட்டாயா என்று அதட்டிக் கேட்பார். இப்போது பதினான்கு ஊருக்கு அவர் ஒருவர்தான். பச்சையாக இருந்தால் போகாதே, சிவந்தால் ஓடு. இதுதான் மேலிடத்து உத்தரவு. பச்சையாகவே இருந்த வீடுகளின் வாசற்படியை அவர் மறந்தே போனார். மறக்கச் சொன்னார்கள், மறந்தார்.

அந்த வளையல் காளீஸ்வரியின் கைக்கு வந்தது அபிநயாவின் வளைகாப்பு அன்று.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்பில் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில், வீட்டில் பிள்ளை இல்லாத பெண் யாராவது இருந்தால் அவளையும் உட்காரவைப்பார்கள். எல்லோரும் வளையல் போட்டு முடித்ததும், பிள்ளைத்தாய்ச்சி தன் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி அவள் கையில் போட வேண்டும். வயிற்று ராசி கைவழியாக இறங்குமாம். பிறகு பிள்ளை பிறக்கிற வரைக்கும் அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் போட்டவளுக்கும் ஆகாது, போட்டுக்கொண்டவளுக்கும் ஆகாது.

காளீஸ்வரி பதினோரு வருஷத்தில் ஒன்பது மணைகளில் இப்படி உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது கண்ணாடி வளையல்கள். ஒவ்வொரு தடவையும் ஊர்ப் பெண்கள் “அடுத்தது ஒனக்குத்தான்” என்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுவாள். பத்தாவது மணையில் உட்கார அவளுக்கு இஷ்டமே இல்லை. ஆனால் அபிநயாவுக்குத் தாய் வீடு என்று ஒன்று இல்லாததால், ஐந்து வகைச் சோறு கிளறியது முதல் நலங்கு வைத்தது வரை தாய் ஸ்தானத்தில் நின்றவளே இவள்தான். எழுந்து ஓட முடியுமா?

அபிநயா கண்ணாடி வளையலைத் தொடவில்லை. சர்க்கார் வளையலைப் பிடித்து இழுத்தாள்.

“கண்ணாடி வளையல்தான் ஒம்போது தடவ போட்டுப் பாத்தாச்சே, ஒண்ணும் ஆகல. இதப் போட்டுக்கக்கா. இது தெனமும் புள்ளையப் பத்திச் சேதி சொல்லும்.”

“ஏத்தா, அது சர்க்கார் சாமான். கழட்டுனா கூவும்.”

“கழட்டி வெறுமனே வச்சாத்தான் கூவும். கையோட கை மாத்துனா அதுக்கென்ன தெரியப்போகுது?”

மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்துவைத்து மாற்றினாள். வளையல் ஒரு தடவை மஞ்சளாக விழித்துவிட்டுப் பச்சைக்கு வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பஞ்சவர்ணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எங்க மருமகளுக்கு வந்த மனசப் பாருங்க” என்று ஊரைப் பார்த்துச் சொன்னாள். பிள்ளை இல்லாத பெரியவளுக்குச் சின்னவள் தன் வயிற்றையே தூக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. காளீஸ்வரிக்குக் கண் நிறைந்து தட்டு, பூ, ஆட்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

மறுநாள் காலையிலிருந்து அந்தக் குரல் அவளோடு பேசத் தொடங்கியது. குழந்தை இப்போது கண் திறக்கும், குழந்தைக்கு இப்போது வெளிச்சம் தெரியும், குழந்தை உங்கள் குரலைக் கேட்கும். கேட்கும் என்று சொன்ன அன்று காளீஸ்வரி களத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பாட்டே பாடினாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் காலை ஆறரை மணிக்காக அவள் ஆறு மணிக்கே காத்திருந்தாள்.

முப்பத்து நான்காவது வாரத்தில் அபிநயாவுக்குச் செருப்பு நுழையவில்லை. “பாருக்கா, என் காலா இது? யாரோட காலையோ மாட்டி விட்ட மாதிரி இருக்கு” என்று சிரித்தாள்.

“புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும்” என்றாள் பஞ்சவர்ணம். “நான் தினகரனச் சொமந்தப்போ எனக்கு மொகமே வீங்கிக் கெடந்துச்சு.”

அபிநயாவின் முகமும் வீங்கத்தான் செய்தது. புது வனப்பு என்றார்கள் வந்தவர்கள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அபிநயா அடுப்படியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலைவலி மாத்திரைக்கும் கேட்கவில்லை, தைலத்துக்கும் கேட்கவில்லை.

“ஏத்தா, வளையல ஒரு நிமிசம் ஒன் கையில போட்டுப் பாப்பமா?”

“அத்தை பாத்தாகன்னா கொன்னுருவாக.”

“பாக்காம போடுவோம், வா.”

மாற்றினார்கள். வளையல் அதிர்ந்தது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, நீலம். “அளவீட்டில் பிழை. வளையலைச் சரியாக அணியவும்” என்றது. துடைத்துப் போட்டார்கள். “அளவீட்டில் பிழை.” தண்ணீர் தொட்டுத் துடைத்துப் போட்டார்கள். “அளவீட்டில் பிழை.” சரி என்று காளீஸ்வரியின் கைக்கே மாற்றியதும் பச்சை எரிந்தது. “நன்றி அபிநயா. அனைத்தும் சரியாக உள்ளது.”

அபிநயாவுக்குத் தலைவலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. “என்னையவே அதுக்கு அடையாளம் தெரியல பாருக்கா. நீதான் புள்ளத்தாச்சியாம், நான் பிழையாம்.”

காளீஸ்வரியும் சிரித்தாள். அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. அதைச் சொல்லாமல் விட முடியாது. ஜெசிந்தா நர்சம்மாவுக்கு ஒரு போன் போட்டால் என்ன என்று தோன்றியது. போனை எடுக்கவும் எடுத்தாள். எடுத்தவளுக்கு அடுத்த யோசனை வந்தது. நர்சம்மா வந்தால் கையைப் பார்ப்பார். பார்த்தால் பிடுங்கி அபிநயா கையில் போட்டுவிட்டுப் போவார். காலையில் அந்தக் குரல் கேட்காது. வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், இன்னும் மூன்று நாள்தானே என்று போனை மாடத்தில் வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. பிற்பாடு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அவளைத் தேற்றினார்கள். மாடத்தில் போனை வைத்ததை மட்டும் யாராலும் இல்லையென்று ஆக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை பகல் இரண்டு மணி இருக்கும். இருவரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அபிநயா கண்ணைத் தேய்த்தாள்.

“கார விரல கண்ணுல வைக்காதடி.”

“வைக்கலக்கா. கண்ணுக்குள்ள மின்னல் மின்னலா அடிக்குது. நீ ரெண்டு ரெண்டாத் தெரியுற.”

சொன்ன வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அப்படியே மிளகாய்க் குவியலில் சாய்ந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. பஞ்சவர்ணம் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவள் உள்ளங்கையில் திணித்தாள். காளீஸ்வரி ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். எடுத்தது மனிதக் குரல் இல்லை.

“பயனாளி அபிநயா பச்சை நிலையில் இருக்கிறார். உங்கள் அழைப்பு வரிசையில் ஏழாவதாக உள்ளது.”

“வலிப்பு வந்துருச்சு! சீக்கிரம் வாங்க!”

“பயனாளியின் நாடி சற்று உயர்ந்துள்ளது. பதற்றம் வேண்டாம். மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள்.”

அது காளீஸ்வரியின் நாடி. “வளையல் என் கையில இருக்கு! அவ கையில இல்ல! அட பாவி, அவ கையில இல்லன்னு சொல்றேன்ல!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

“மன்னிக்கவும், புரியவில்லை” என்றது குரல்.

ஜெசிந்தாவின் எண் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்துசேர்ந்தார். வந்ததும் அபிநயாவை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பையைத் திறந்தார். ஐந்து வருஷமாக யாரும் கேட்காத அந்தப் பழைய பிரஷர் மெஷின் அதற்குள்தான் இருந்தது. அதன் துணிப் பட்டையை அபிநயாவின் கையில் சுற்றிக் காற்றடித்தார்.

“நூத்தி எண்பதுக்கு நூத்தி இருபது” என்றார் தனக்குள். இடுப்பின் இரண்டு பக்கமும் ஊசி போட்டார். பிறகு அபிநயாவின் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அமுக்கி எடுத்தார். குழி விழுந்தது. மாவில் விரல் வைத்தது போல அப்படியே நின்றது.

“எத்தன நாளாம்மா இப்படி?”

“செருப்பு நுழையலன்னு பத்து நாளாச் சொல்லிட்டிருந்தா…”

“தலைவலி?”

“செவ்வாக்கெழமை…”

ஜெசிந்தா அபிநயாவின் வெறுங்கையைப் பார்த்தார். காளீஸ்வரியின் கையில் எரிந்த பச்சையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தகட்டுக் காட்டு ஜீப்பைத் தினகரன் ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியபோது ஆம்புலன்ஸ் வரிசையில் அவர்கள் நான்காவதாக வந்திருந்தார்கள்.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே போயிருந்தது. பெண். அன்னாசிப் பழம், பரங்கிக்காய் என்று வளையல் சொன்ன அளவெல்லாம் பொய். பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார், தாயின் ரத்தக் கொதிப்பால் குழந்தைக்கு ஓட்டம் போதாமல் பல நாளாகவே வளர்ச்சி நின்றிருக்கிறது என்று. துணியில் சுற்றிக் கொடுத்ததைக் காளீஸ்வரிதான் வாங்கினாள். கையில் கனமே இல்லை. அபிநயா நான்கு நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். காளீஸ்வரியைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருபத்தோராம் நாள் மாவட்ட மையத்திலிருந்து விசாரணைக்கு டாக்டர் ஷமீமா வந்தார். வயிற்றுக் குழந்தை இறந்தாலும் வீடு தேடி வந்து காரணம் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து நின்றார். காளீஸ்வரி தரையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்தில் பாதியாகியிருந்தாள். சோறு இறங்கவில்லை. இறங்கினாலும் தங்கவில்லை. துக்கம் யாரை விட்டது என்றார்கள்.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மாடத்தில் போனை வைத்ததையும் சொன்னாள்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும் டாக்டரம்மா” என்றாள் கடைசியில். “நான் சாதாரண மனுஷி. என் கைய அபி கைன்னு அந்த மெஷின் எப்படி நம்புச்சு?”

“நாங்களும் அதைத்தான் தேடினோம்” என்றார் ஷமீமா. “அபிநயாவுக்கு அப்பவே பிரஷர் லேசா ஏறிட்டு வந்திருக்கு. சிவக்கிற அளவுக்கு இல்ல. உங்க கைக்கு வந்ததும் குறைஞ்சுது. குறைஞ்சா நல்லதுதானேன்னு மெஷின் விட்டுருச்சு. கெட்டதைத் தேடத்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். நல்லதைச் சந்தேகப்படச் சொல்லித் தரல. அப்புறம் அஞ்சு வாரத்துல உங்க உடம்புதான் அபிநயா உடம்புன்னு பழகிருச்சு. செவ்வாய்க்கிழமை நீங்க திருப்பிப் போட்டீங்க பாருங்க, அன்னிக்கு அது நூத்தி எழுபதுன்னு சரியாத்தான் அளந்திருக்கு. ஒரே நிமிஷத்துல இவ்வளவு ஏறுமா, இது நம்ம கோளாறுதான்னு நினைச்சு அழிச்சிருச்சு.”

காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நர்சு வந்து காலை அமுக்கிப் பார்த்திருந்தா ஒரு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்” என்று ஷமீமா மெதுவாகச் சொன்னார். “ஆனா அறிக்கையில ‘பயனாளியின் தவறு’ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதத்தான் டிக் பண்ணச் சொல்லுவாங்க.”

“மேடம்” என்றார் ஜெசிந்தா. “எட்டு மாசம் இந்த வாசப்படிய நான் மிதிக்கல. அதுக்கு ஒரு கட்டம் இருக்கா அதுல?”

ஷமீமா கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கொஞ்சம் சாய்த்து ஜெசிந்தாவிடம் காட்டினார். ஜெசிந்தா குனிந்து பார்த்தவர், நிமிர்ந்து காளீஸ்வரியைப் பார்த்தார். பார்வை மாறியிருந்தது.

“காளீஸ்வரி, உனக்குக் கடைசியா எப்பம்மா தீட்டு வந்துச்சு?”

“எனக்கு எப்பவும் தப்பித் தப்பித்தான் வரும் நர்சம்மா. ரெண்டு மாசம் மூணு மாசம்கூட ஆகும். ஏன்?”

“வாந்தி எத்தன நாளா?”

ஷமீமாதான் சொன்னார். “வளையல் கடைசி ஒரு வாரம் அனுப்பினதுல வேற ஒண்ணும் இருக்கு. வியர்வையில கரு தங்கினதுக்கு அடையாளம் காட்டுது. முப்பத்தஞ்சாவது வாரத்துக்காரிக்கு அஞ்சாவது வாரத்து அடையாளம் வந்தா மெஷின் என்ன செய்யும்? அதையும் பிழைன்னு தள்ளிருச்சு. அஞ்சு வாரமா அது தப்பாத்தான் பேசியிருக்கு. ஆனா கடைசி வாரம் ஒரு கர்ப்பிணி கையிலதான் இருந்திருக்கு. இப்ப உங்களுக்கு எட்டாவது வாரம் இருக்கணும்.”

ஜெசிந்தா பையிலிருந்து கர்ப்பம் பார்க்கிற பட்டையை எடுத்துக் கொடுத்தார். காளீஸ்வரி குளியலறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அதில் இரண்டு கோடு இருந்தது. பதினோரு வருஷமாக அவள் கனவில் பார்த்த இரண்டு கோடு. காளீஸ்வரிக்கு அதைக் கையில் வைத்திருக்கவே கூசியது. சந்தோஷம் என்று ஒன்று உள்ளே எங்கோ முளைக்கப் பார்த்தது. அதன் தலையில் அடித்து உட்காரவைத்தாள்.

“ஆத்தா!” என்று பஞ்சவர்ணம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். “வளையல் கைவிடலடி! எறங்கிருச்சுடி ராசி!”

“அப்படியெல்லாம் இல்லம்மா” என்று ஷமீமா பதறினார். “பத்துப் பதினோரு வருஷம் கழிச்சுத் தானாவே தரிக்கிறது உண்டு. வளையலுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.”

பஞ்சவர்ணத்தின் காதில் அது விழவில்லை. தூக்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. உள்ளறை வாசலில் அபிநயா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ. நிலையைப் பிடித்துக்கொண்டு காளீஸ்வரியின் வயிற்றைப் பார்த்தாள். பால் கட்டிய அவள் மார்பில் துணி நனைந்திருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படீரென்று சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஜெசிந்தா காளீஸ்வரிக்குப் புது வளையல் போட்டுவிட்டார். “வணக்கம் காளீஸ்வரி” என்றது அது. அவள் அதன் குரலை அடைத்துவிட்டாள். “மாசாமாசம் நானே வருவேன்” என்றார் ஜெசிந்தா. “உத்தரவு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. அதுவரைக்கும் இந்தக் கட்டை விரல நம்பு. கணுக்காலுக்கு மேல அஞ்சு எண்ணுற வரைக்கும் அமுக்கு. எடுத்தா குழி நிக்கக் கூடாது. நின்னா வளையல் என்ன சொன்னாலும் நம்பாம எனக்குப் போன் போடு.”

பஞ்சவர்ணத்துக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு கண்ணில் அழுதுகொண்டும் ஒரு கண்ணில் சிரித்துக்கொண்டும் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். குழாயடியில் கேட்டவள் சந்தையில் சொன்னாள். சின்னவள் பிள்ளை போனது கதையில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. சர்க்கார் வளையல் மாற்றிப் போட்டால் பதினோரு வருஷத்து மலடிக்கும் தங்கும் என்பது மட்டும் ஊர் ஊராக நடந்தது. அடுத்த மாதம் வந்த ஜெசிந்தா சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

“மாவட்டம் பூராவும் பச்சையா எரியுது காளீஸ்வரி. இதுக்கு முன்னாடி இவ்வளவு பச்சைய நான் பார்த்ததே இல்ல. எத்தன கை மாறியிருக்குன்னு யாருக்கும் தெரியல. நானும் வீடு வீடா ஏறி இறங்குறேன். பதினாலு ஊர்.”

அந்த ஒரு மாதமும் அபிநயா காளீஸ்வரியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்ததைச் சாப்பிட்டாள். களத்துக்கு வந்தாள். ஒரே குவியலில் உட்கார்ந்து எதிரும் புதிருமாகக் காம்பு கிள்ளினார்கள். காளீஸ்வரிக்கு வாந்தி வந்து ஓடும்போது அபிநயாவின் கை நிற்கும். பிறகு மறுபடி கிள்ளும். என்னை அடித்துவிடேன் என்று காலில் விழுந்து கேட்கலாமா என்று காளீஸ்வரி தினமும் நினைத்தாள். கேட்கவும் தைரியம் இல்லை.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு இரண்டு பெண்கள் களத்துக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி வாயும் வயிறுமாக மூச்சு வாங்க நடந்துவந்தாள். இன்னொருத்தி அவள் அக்காவாம், ஆறு வருஷமாக ஒன்றும் தங்கவில்லையாம். அக்காவின் கையில் ரோஸ் வளையம் பச்சையாக எரிந்தது.

“ஒங்க கைராசியப் பத்திக் கேள்விப்பட்டு வந்தோம்” என்றாள் அக்கா. “வளையல மாத்தி ரெண்டு வாரமாச்சு. ஒங்க கையால ஒரு தடவ தொட்டுப் போட்டு விட்டீகன்னா நிச்சயமாத் தங்கும்னு சொன்னாக.”

எதிரே அபிநயா குனிந்த தலை நிமிராமல் கிள்ளிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி அக்காவின் கையைத் தொடவில்லை. அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் காலைப் பார்த்தாள். செருப்பில்லாமல் சுடுமண்ணில் நடந்து வந்திருந்தாள்.

“செருப்பு எங்கத்தா?”

“நுழைய மாட்டேங்குதுக்கா” என்று அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

காளீஸ்வரி மிளகாய்மேல் மண்டியிட்டாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கணுக்காலுக்கு மேலே கட்டை விரலை வைத்து அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. விரலை எடுத்தாள்.

“அபி!” என்றாள். அந்தப் பெயரை அவள் வாய்விட்டுக் கூப்பிட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது.

அபிநயா எழுந்து வந்தாள். காலைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் கையிலிருந்த வளையலை உருவி, பிள்ளைத்தாய்ச்சியின் கையில் போட்டாள். வளையல் நீலமாக எரிந்தது.

“அளவீட்டில் பிழை. வளையலைச் சரியாக அணியவும்.”

“ஐயோ, கழட்டுனா ஆகாதுன்னாகளே” என்று அக்கா கையை நீட்டினாள்.

அபிநயா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். “அது பிழைன்னு சொன்னா நம்பாத” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பேசாத குரல் கரகரத்தது. காளீஸ்வரியின் இடுப்பில் செருகியிருந்த போனை அவளே உருவி எடுத்து, ஜெசிந்தாவின் எண்ணை அழுத்தினாள்.

“அந்தப் பொண்ண எடது பக்கமாப் படுக்க வைக்கா” என்றாள், போனைக் காதில் வைத்துக்கொண்டே.

காளீஸ்வரி படுக்கவைத்தாள். அந்தப் பெண் பயந்துபோய் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். காளீஸ்வரி அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழி இன்னும் நிறையவில்லை.